பெல்லா சிரித்தாள்

பெல்லா கணவனின் ஒரு கன்னத்தை மழித்து முடித்து, மறு கன்னத்தில் சோப்பு தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த ஹெர்ஷல் வாயை மட்டும் வெட்டிவிடாதே என்றான். பிழைப்பே அதில்தானாம்.

மேடையில் ஜோக் சொல்லிச் சிரிக்கவைக்கும் முப்பது வருஷப் பிழைப்பு. கோடையில் கேட்ஸ்கில் மலை விடுதிகள், குளிர்காலத்தில் மயாமி, நடுநடுவே புரூக்ளினில் கல்யாண விருந்துகள். டெலிவிஷனில் ஒரே ஒரு முறை தலைகாட்டினான். அதன்பின் கொஞ்ச நாள் கசாப்புக்கடைக்காரர்கூட மரியாதையாகப் பேசினார். எந்த ஊரானாலும் பெல்லா கடைசி மேஜையில் இருப்பாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்; அவள் தனக்குப் பிடித்தால்தான் சிரிப்பாள். புருஷனாயிற்றே என்று ஒரு புன்னகையைக்கூடச் சும்மா கொடுத்ததில்லை. அவள் சிரிக்காத ஜோக்கை மறுநாள் அவன் தூக்கிப் போட்டுவிடுவான்.

வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்று டாக்டர் அவனிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாரும் சொல்வதில்லை. புண் என்றார், ஆறிவிடும் என்றார்.

"தெரிஞ்சா அண்ணன் அன்னைக்கே செத்துப்போயிடும் அண்ணி" என்று அவன் தங்கை ஃபேனி, பெல்லாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பெல்லாவுக்கும் பயம்தான். அவன் முகம் அந்தச் செய்தியைக் கேட்டு மாறுவதைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

"புதுசு ஒண்ணு, கேளு," என்றான் ஹெர்ஷல். "இங்க கோழியோட போட்டோவத் தண்ணில முக்கி எடுக்கறாங்க... இல்ல, இரு. சூப்பு. மத்தியானம் சூப்பு குடுத்தாங்கல்ல, அதுல..."

மூச்சு வாங்கியது. கடைசியில் வரவேண்டியதை முதலிலேயே கொட்டிவிட்டிருந்தான். மேடையில் ஒருநாளும் அவனுக்கு அப்படி ஆனதில்லை.

பெல்லா சிரித்தாள். பலமாகவே சிரித்தாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"எவ்வளவு நாள்னு சொன்னாங்க?"

"யாரு? என்ன உளர்ற?"

"பெல்லா, அந்த ஜோக் நல்லா இல்ல."

அவள் கத்தியைக் கிண்ணத்தில் வைத்தாள். ஃபேனிக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்று தலையாட்டினாள்.

"அப்ப எனக்குத் தெரியும்னு அவகிட்டக் காட்டிக்காத. தாங்கமாட்டா."

பிறகு மிச்சக் கன்னத்தையும் முடிக்கச் சொன்னான்.

சாயங்காலம் ஃபேனி தேன் கேக்கோடு வந்தாள். அடுத்த கோடையில் எந்த விடுதி, என்ன கோட்டு என்று அவளோடு உட்கார்ந்து திட்டம் போட்டான். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஃபேனி மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனாள். விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

மறுநாளே அடக்கம். கூட மேடையேறியவர்கள் அவனைக் கேலி செய்தே பேசினார்கள். கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது. குழி ஓரத்தில் ஃபேனி பெல்லாவின் தோளில் சாய்ந்தாள்.

"கடைசிவரைக்கும் அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியல அண்ணி. அந்த மட்டுக்கும் காப்பாத்திட்டோம்."

"ஆமா, ஃபேனி."

மண் போடப் பெல்லாவின் முறை வந்தது. யூதர் வழக்கப்படி, முதல் மண்ணைக் கவிழ்த்துப் பிடித்த மண்வாரியின் முதுகால்தான் அள்ள வேண்டும். அவனை அனுப்ப அவசரமில்லை என்று அர்த்தம். பெல்லா குனிந்து அள்ளினாள். முதுகில் நின்ற கொஞ்சமும் குழியை எட்டுவதற்குள் சரிந்துவிட்டது. அவள் மறுபடி குனிந்தாள்.