மூன்று தலை நாய்ச் சாமி

காலை ஆறு பத்துக்குத் தையல்நாயகி பூ வைப்பாள். தெருக் கூட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, மூன்றாவது தெரு முனையில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரச் சிலையின் மடியில் இரண்டு சாமந்தி. பிறகு கண்ணை மூடி ஏதோ சொல்வாள். நடைப்பயிற்சிக்கு வரும் சாவித்ரி அந்த நேரத்தில்தான் அந்த முனையைக் கடப்பாள்.

கூடுவாஞ்சேரிக்கு மேற்கே மனை போட்டவர், விளம்பரத்துக்காகத் தெருவுக்கு ஒரு கிரேக்கக் கடவுளைச் சிமென்டில் செய்து வைத்திருந்தார். பெயர் எழுதவில்லை. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்திய சாவித்ரிக்கு மட்டும் யார் யாரென்று தெரியும். தாடிக்காரர் ஹேடிஸ். இறந்தவர்களின் உலகத்துக்கு அரசர். காலடியில் படுத்திருக்கும் மூன்று தலை நாய் அந்த உலகத்தின் காவல்.

பூ வைக்க ஆரம்பித்த வாரமே சாவித்ரி கேட்டாள்.

"இது என்ன சாமின்னு கும்பிடற?"

"நாய் கீதே டீச்சர். வைரவர்தான்."

"நாய்க்கு மூணு தலை இருக்கே?"

"ஒண்ணு பத்தாதுன்னு வெச்சிருப்பானுங்கோ. நம்ம ஏரியாவுல அத்தினி திருட்டு." சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள். "வூட்டுக்காரருக்குக் கிட்னி பூட்ச்சு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி ரத்தம் சுத்தம் பண்றாங்கோ. இவரு கையிலதான் வுட்டுக்கீறேன்."

அப்போதே சொல்லியிருந்தால் அவள் வேறு சாமியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பாள். சாவித்ரி சொல்லவில்லை. உள்ளுக்குள் அது ஒரு வேடிக்கையாக இருந்தது. ஏழு மாதம் அடக்கி வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: 'நம் லேஅவுட்டில் கிரேக்க எமனுக்குத் தினசரி புஷ்பம்!'

யாரும் சிரிக்கவில்லை. சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன் உடனே போன் செய்தார்.

"எமனா மேடம்? என் வாசலுக்கு நேரா உக்காந்திருக்கான்! பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா."

"சார், அது வெறும் சிமென்ட்."

"பிள்ளையாரும்தான் சிமென்ட். கும்பிடறோமா இல்லையா?"

திங்கள் காலை சிலையின் தலையில் கோணிப்பை கட்டியிருந்தது. தையல்நாயகி பூவோடு நின்றாள். கஸ்தூரிரங்கன் கேட்டுக்கு உள்ளே இருந்தபடியே அது எமன் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சாவித்ரி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அடுத்த தெருவில் திரும்பி நடந்தாள்.

வியாழக்கிழமை தையல்நாயகியின் கணவர் தேவானந்தம் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சாவித்ரி ஏரிக்கு அப்பால் இருந்த அந்த வீட்டுக்குப் போனாள். என்ன வாங்கிக்கொண்டு போவதென்று தெரியாமல் வெறுங்கையோடு போனாள். தையல்நாயகி பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். குழுவில் எழுதியது யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பது முகத்தில் இல்லை.

"நான்தான் டீச்சர் எமனை இட்டாந்தேன். டெய்லி அவரு பேரைச் சொல்லி, வூட்டு அட்ரஸையும் சொல்லி, பாத்துக்கோ பாத்துக்கோன்னா? வராம இன்னா பண்ணுவான் அவன்?"

சாவித்ரி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். பாடம் போல வந்தது.

"இல்லம்மா. அவர் உயிரை எடுக்கிறவர் இல்ல. அதுக்கு வேற ஆள். இவர் தன் இடத்தை விட்டு நகரவே மாட்டார்."

"நெசமாவா?"

"நெசமா. பூ வெச்சாலும், ஆடு வெட்டினாலும், அழுது புரண்டாலும் அவர் காதுல ஏறாது. அதனாலதான் அந்த ஊர்க்காரங்க அவருக்குக் கோயில்கூட அனேகமா கட்டல. நீ கூப்பிட்டு எதுவும் நடக்கல."

தையல்நாயகியின் தோள்கள் இறங்கின. மூச்சு விட்டாள். இதற்காகத்தான் வந்தோம் என்று சாவித்ரி நாற்காலியில் சாய்ந்தாள். சரியாகச் செய்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் இருந்தது.

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ஏழு மாசமா நான் சொன்னதையெல்லாம் ஆரு டீச்சர் கேட்டது?"