சங்கையாவின் வலது காது

சங்கையாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே காது. சீவில்லிபுத்தூருக்கு மேற்கே ஒரு சின்ன அம்மன் கோயிலில் இருபது வருஷமாக அவர்தான் வேட்டுப் போடுகிறவர். இரும்புக் குழாயில் கருமருந்து இடித்து வெடித்ததில் இடது காது எப்போதோ போய்விட்டது. அவருடைய அப்பாவுக்கு இரண்டும் போய், பின்னால் வந்த மாட்டுவண்டியின் சலங்கை கேட்காமல் சக்கரத்தில் கால் மாட்டிக்கொண்டது.

"வலதும் போச்சுன்னா நான் யாரைத் திட்ட?" என்ற மனைவி முத்துப்பேச்சி, பஞ்சை எண்ணெயில் நனைத்து, மெழுகு பூசி, காதுக்கு அளவாக ஓர் அடைப்பு செய்து கொடுத்தாள்.

அதில்தான் சிக்கல். அம்மனைத் தேரில் ஏற்றியதும் பூசாரி மணி அடிப்பார். மணி கேட்டதும் வேட்டு. வேட்டுக் கேட்டதும் ஊர் வடம் இழுக்கும். வேட்டுக்காரர் அம்மன் கண்ணில் படக் கூடாது என்பது வழக்கம். அவர் இடம் கோயிலுக்குப் பின்னால், கிணற்றடியில். அங்கிருந்து ஒன்றும் தெரியாது. காதை அடைத்தால் மணி கேட்காது. அடைக்காவிட்டால் காது தங்காது. மணியைத் தவறவிட்டால் வேட்டுரிமை பங்காளி உக்கிரபாண்டிக்குப் போய்விடும்.

நாயின் காது மனுஷன் காதைவிடக் கூர்மை என்று யோசித்து, சங்கையா ராஜபாளையம் போனார். அங்கே ஒரு ராஜு வீட்டில் பால் வெள்ளையாய் ஒரு நாய். வேட்டுக்கு ஓடுகிற நாய் உதவாது என்று, அதற்கு மூன்றடி தள்ளிக் குழாயை வெடித்துப் பார்த்தார். காக்கைகள் பறந்தன. மாடு கயிற்றை அறுத்தது. ராஜுவே வீட்டுக்குள் ஓடினார். நாய் கொட்டாவி விட்டது.

எப்பேர்ப்பட்ட வீரம் என்று சங்கையா பூரித்துப் போனார். கூப்பிட்டால் மட்டும் வராது, கொஞ்சம் கர்வம் என்றார் ராஜு.

திருவிழா அன்று சங்கையா காதை அடைத்துக்கொண்டு நாயையே பார்த்தபடி நின்றார். மணி கேட்டு நாய் எழும். நாய் எழுந்ததும் திரியில் நெருப்பு. பக்கத்தில் வடை சுட்டுக்கொண்டிருந்த பூசாரி மனைவி செல்லத்தாய், சுட்ட வடை இருந்த பானையின் மூடியைத் திறந்தாள். நாய் துள்ளி எழுந்தது. வேட்டு வெடித்தது. ஊர் இழுத்தது. தேர் புறப்பட்டுவிட்டது, அம்மன் இன்னும் கோயிலுக்குள் இருந்தாள். பூசாரி அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று தெரு துரத்தினார்.

சாயங்காலம் நாட்டாண்மை ராஜரத்தினம் விசாரித்தார். உக்கிரபாண்டி ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்து, நாயின் முதுகுக்குப் பின்னால் ஓங்கி அடித்தான். நாய் அசையவில்லை.

"பாத்தியளா? அண்ணன் செவிட்டு நாயை நம்பி வேட்டுப் போட்டிருக்காரு."

 சங்கையா வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குத் தாம்பாளம் கேட்டுது," என்றார். "இருவது வருசத்துல திருவிழா முடிஞ்ச அன்னைக்கு எனக்குக் காது இரையாதது இன்னைக்குத்தான்."

ராஜரத்தினம் தாடியைத் தடவினார். நாய் மேலும் குற்றமில்லை, வேட்டு மேலும் குற்றமில்லை, வடைதான் முந்திவிட்டது என்று தீர்ப்பானது. அடுத்த வருஷம் மணி கேட்ட பிறகே செல்லத்தாய் மூடியைத் திறக்க வேண்டும்; நாய் எழும்; சங்கையா வேட்டுப் போடலாம். அதற்குச் செல்லத்தாயே கையைக் காட்டினால் போதாதா என்று உக்கிரபாண்டி கேட்டான்.

"வழக்கத்தை மாத்தப்படாதுலே," என்றார் ராஜரத்தினம்.

வீடு போகும் வரை முத்துப்பேச்சி, செவிட்டு நாய் வாங்கின சமர்த்தைச் சொல்லிச் சொல்லித் திட்டினாள். சங்கையா இடம் மாறி, வலது காது அவள் பக்கம் இருக்கும்படி நடந்தார்.