நடக்கிற ஊருக்கு ஒரு கவுண்டர் சாம்பிள்

ஆம்பூர் ஸ்டேஷனைச் சுற்றி இனி யாருக்கும் வண்டியே தேவைப்படாதாம். வீடு, கடை, பள்ளி எல்லாம் நடக்கிற தூரத்தில். இருக்கிற தெருக்களையும் வரப்போகிற கட்டடங்களையும் அட்டையில் மாதிரியாகச் செய்து, கருத்துச் சொல்லுங்கள் என்று எங்கள் ஷூ கம்பெனி கேன்டீனில் வைத்துவிட்டுப் போனார் திட்டப் பொறியாளர் பரணிதரன். மறுநாள் பெரிய அதிகாரி பார்க்க வருகிறார்.

சாம்பிள் ரூம் அஃப்ஷா அதில் தன் வழியைத் தேடினாள். கம்பெனி கேட்டிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போகும் சந்து. அந்த இடத்தில் ஐந்து மாடி கார் நிறுத்தம் நின்றது, சுற்றிலும் மதில்.

"வண்டியே வேணாம்னுட்டு வண்டிக்கு மட்டும் அஞ்சு மாடி கட்றாங்க பாரு," என்றாள் கூட வேலை பார்க்கும் எல்லம்மா.

அஃப்ஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றிப் போனால் வீட்டுக்குப் போகும் வாணியம்பாடி ரயில் போய்விடும். அடுத்த ரயிலில் இறங்கினால் வேலையை விடச் சொல்ல மாமனார் காத்திருக்கிறார்.

"கருத்து எழுதிப் போடேன்."

"எவன்க்கா படிப்பான்? நமக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லலாம்."

ஆர்டர் கொடுக்கும் பையர் மாதிரிக்கு அனுப்பும் ஷூவை வெட்டி, ஒட்டி, மாற்றி, 'கவுண்டர் சாம்பிள்' என்று திருப்பி அனுப்புவதுதான் சாம்பிள் ரூமின் பிழைப்பு. சாப்பாட்டு நேரத்தில் கத்தியும் பசையும் கேன்டீனுக்கு வந்தன. மதில் போனது. கார் நிறுத்தம் இரண்டாகப் பிளந்து நடுவே சந்து வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ருசி கண்டுவிட்டார்கள். எல்லம்மா தன் மாமியார் தெருவைப் பெயர்த்துத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒட்டினாள். சூப்பர்வைசர் வீட்டு வாசலுக்கு ஒரு பொதுக் கழிப்பறை கிடைத்தது. ஒட்டிய இடம் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் அதிகாரி குனிந்து சந்தில் விரல் வைத்தார். "இது நல்லா இருக்கே. யார் யோசனை?"

பரணிதரன் சந்தைப் பார்த்தார். சாம்பிள் ரூம் பெண்களைப் பார்த்தார். அவர்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம டீம்தான் சார்."

"இந்த வீட்டு வாசல்ல கழிப்பறை?"

"அது மக்கள் கருத்து சார்."

அதிகாரி கிளம்பியதும் பரணிதரன் அவர்கள் மேசைக்கு வந்தார். "யாரும்மா இந்த வேலை பண்ணது?"

"உங்க டீமுன்னீங்களே," என்றாள் எல்லம்மா.

"சந்து பிளான்ல ஏறுமா சார்?" என்று கேட்டாள் அஃப்ஷா.

"ஏத்தாம? என்னுதுன்னு வாய விட்டுட்டேனே."

"அப்ப லைட்டும் போட்டுடுங்க சார். சாயங்காலம் இருட்டிடும்."