சம்பந்திக்குச் செருப்பு

“மச்சான், அதுல மட்டும் உட்காராதீங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் எவ்வளவு உரக்க வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. உட்காரப் பாதி குனிந்திருந்த மனைவியின் அண்ணன் அப்படியே நிமிர்ந்துவிட்டார். பாவம், முழங்கால் வலிக்காரர். தங்கை இறந்த சேதி கேட்டு வந்ததிலிருந்து நின்றுகொண்டேதான் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இருந்த நாற்காலிகள் எல்லாம் நிரம்பிவிட, கட்டிலை ஒட்டிக் கிடந்த பிரம்பு நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது.

கட்டிலில் அவருடைய மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லை. எத்தனையோ வருடம் கழித்து அந்த முகத்தை முழுசாகப் பார்க்கிறார். குழாய் அழுத்திய தடம் மட்டும் கன்னத்தில் இன்னும் போகவில்லை.

துக்க வீட்டில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட வேண்டும் என்று அறிந்தவர் மச்சான். ஜன்னலோரம் போய்ச் சாய்ந்துகொண்டார். மகள் மட்டும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அது சம்பந்தியின் நாற்காலி.

சம்பந்தி என்றால் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்து மனிதர் அல்ல. அவர் பரம சாது. வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு கிளம்பிவிடுவார். இந்தச் சம்பந்தி, கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இருப்பவர்.

தபால் அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் வாயாலும் குத்திக்கொண்டிருந்த மனைவிக்கு நுரையீரல் கெட்டது. நோய் ஒரு பங்கு என்றால் பயம் மூன்று பங்கு. மூச்சு லேசாக இழுத்தாலே பயந்துவிடுவாள். பயந்தால் இன்னும் இழுக்கும். ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் நோயாளிகளைப் படம் போட வைக்கிறார்கள், மனசு இலேசாகும், போய்ப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னபோது கணவர்தான் முகத்தைச் சுளித்தார். படம் போட்டால் மூச்சு வந்துவிடுமா என்று வகுப்பு நடத்திய பெண்ணிடமே கேட்டும்விட்டார். மூச்சு வராது, பயம் கொஞ்சம் இறங்கும் என்றாள் அவள். உங்கள் நோய்க்கு ஓர் உருவம் கொடுங்கள், உள்ளே இருக்கிறவரைக்கும்தான் அது அவ்வளவு பெரிசு என்று எல்லோர் கையிலும் பென்சிலைக் கொடுத்தாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் பாம்பும் பாறாங்கல்லும் வரைந்தார்கள். இவள் மட்டும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு தொந்திக்காரரை வரைந்து எடுத்து வந்தாள்.

“யார் இது?”

“சம்பந்தி. விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்வாங்க. இவர் மருந்தையும் கையோட எடுத்துக்கிட்டு வந்து வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கார். போங்கன்னும் சொல்ல முடியல, மரியாதைக்குறைவாவும் பேச முடியல. சம்பந்தி இல்லாம வேற யாரு?”

செருப்புக்கடையில் வேலை பார்க்கிற கணவருக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் கண் போவது காலுக்குத்தான். சம்பந்தி வெறுங்காலோடு இருந்தார். போதாததற்கு இரண்டுமே இடது கால். இந்த மாதிரிக் காலுக்கு எந்தக் கடையிலும் ஜோடி கிடைக்காது, அதனால்தான் மனிதர் கிளம்பமாட்டேன் என்கிறார் என்று அவர் சொல்ல, அவள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள்.

“செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்தவரை என்ன பண்றது? கிளம்பற அன்னைக்கு நானே வரைஞ்சு போட்டுவிடறேன்” என்றாள்.

அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பிரம்பு நாற்காலி வந்து சேர்ந்தது. மூச்சு முட்டும்போது, “ஏங்க, சம்பந்தி நெஞ்சு மேல ஏறிட்டார்” என்று கையை ஆட்டுவாள். அவர் அவசரமாக நாற்காலியைத் தட்டிக் காட்டி, சம்பந்தி, இதெல்லாம் நல்லா இல்லை, வயசுக்கேற்ற மாதிரி இறங்கி இங்கே வந்து உட்காருங்க என்று அதட்டுவார். முதல் தடவை வெட்கமாக இருந்தது. போகப் போக, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று ஆகிவிட்டது. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தோள் மெல்ல இறங்கும். நோய் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. ஆனால் அவள் பயந்து அவர் கையைப் பிறாண்டுவது நின்றுபோனது. அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். எழுந்தால் அவர் எங்கே போவார், மறுபடி என் மேல்தானே என்பாள்.

நேற்றுக் காலை அவள் அவரை அருகில் கூப்பிட்டாள்.

“அந்தப் பென்சிலை எடுங்க. சம்பந்திக்குச் செருப்பைப் போட்டுவிட்டுடுங்க. எனக்குக் கை வரல.”

அவருக்குப் புரிந்துவிட்டது. சம்பந்தி தனியாகக் கிளம்புகிறவர் இல்லை.

“செவ்வாய்க்கிழமை வகுப்புல நீயே போட்டுக்கலாம். இப்ப என்ன அவசரம்?”

எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்கிறவள், “சரி” என்றாள். சாயங்காலம் போய்விட்டாள்.

அந்தச் ‘சரி’தான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் காலுக்கெல்லாம் முட்டிபோட்டுச் செருப்பு மாட்டிவிட்டுப் பிழைத்தவர் அவர். வீட்டுக்காரி ஒரே ஒரு தடவை கேட்டாள், தட்டிக்கழித்துவிட்டார். நினைக்க நினைக்க அழுகை வந்தது. எதிரே அந்த மனிதர் இன்னும் வெறுங்காலோடு சொகுசாக உட்கார்ந்திருந்தார்.

வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. மகள் அவர் கண் போன திசையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

“அந்தப் படத்தை அம்மாகூட வெச்சு அனுப்பிடலாமாப்பா?”

“வேண்டாம்மா. இனிமேலும் அவர் எதுக்கு அவகூட? அவர் வழியைப் பார்த்துக்கிட்டு அவர் போகட்டும்.” சுவர்ப் பக்கம் நடந்தார். “அம்மா பென்சில் எங்கேன்னு பாரு.”

படத்தை ஓரம் கிழியாமல் எடுத்து, கடையில் உட்கார்வது போலவே தரையில் ஒரு காலை மடித்து ஒரு காலைக் குத்திட்டு உட்கார்ந்தார். முழங்காலில் காகிதத்தை வைத்துக்கொண்டு முதல் செருப்பை வரைந்தார். சரியாக வந்தது. இரண்டாவதை வரையும்போது பழகிய கை தன்பாட்டில் வலதுகால் செருப்புக்கு வளைந்துவிட்டது. கட்டைவிரல் ஒரு பக்கம், வார் ஒரு பக்கம். அழித்துவிட்டு மறுபடி இடதாகவே போட்டார்.

“அப்பா, ரெண்டும் ஒரே காலுக்கு இருக்கு.”

“அம்மா போட்ட கால் அப்படித்தான்.”

நுனியில் விரலுக்கு இடம் இருக்கிறதா என்று, பழக்கதோஷத்தில், காகிதத்தின் மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். இருந்தது. எழுந்து போய், வந்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடந்த வாசலோரம் படத்தைச் சாய்த்து வைத்தார். திரும்பி வந்து, பிரம்பு நாற்காலியைத் துண்டால் துடைத்து, ஜன்னல் பக்கம் நகர்த்தினார்.

“உட்காருங்க மச்சான். கால் வலிக்கும்.”

மச்சான் நாற்காலியை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் ஊன்றி மெல்ல உட்கார்ந்தார். பிரம்பு கிறீச்சிட்டது.