பூசணிக்காயைத் தேடி வந்த விரிசல்

கணபதி என்கிற எங்கள் ஊர்ப் பக்கத்தில் எதைப் பழுது பார்த்தாலும் அந்தப் பழுது ஒழிந்துவிடுவதில்லை. இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, பக்கத்தில் இருக்கும் வேறொன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். சைக்கிள் ரிம்மின் கோணலை நிமிர்த்தினால் அருகில் கிடக்கும் நாற்காலி கோணிக்கொள்ளும். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் ஒரு வெள்ளைப் பூசணிக்காயைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். பழுது அதில் இறங்கிவிடும். வேலை முடிந்ததும் காயை முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நாச்சிமுத்து ஒரு பம்பு கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிறவர். வாரமெல்லாம் செப்புக் கம்பியோடு மல்லுக்கட்டுகிற மனிதர் ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா கிடக்கலாம். கிடக்க மாட்டார். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்காரர் ஒருவர் வேனிலிருந்து கீழே போட்டு உடைத்த எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைத் தூக்கி வந்து, ஸ்கூட்டர் நிறுத்தும் அறையில் வைத்துக்கொண்டு அதோடு உயிரை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. உடைந்தது சேர வேண்டும், அதுதான் அவருடைய ஆசை.

கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்குகிற பிக்கப்பின் கம்பிச்சுருள் அறுந்திருந்தது. அது அவருக்குக் கைவந்த வேலை, மூக்குக் கண்ணாடியைக் கூடப் போடாமல் சுற்றி முடித்தார். பழைய பெயிண்டை உரித்து, கீறல்களை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். ஒவ்வொரு கீறலும் ஒழுங்காகப் பூசணிக்காயில் போய் ஏறிக்கொண்டது. கொக்கி மாதிரி வளைந்த ஒரு கீறல் மட்டும் நாலைந்து நாள் அடம்பிடித்துவிட்டு அப்புறம் போயிற்று. கார்ப் பட்டறை நண்பர் கொடுத்த மயில்நீலப் பெயிண்ட் டப்பா அலமாரியில் காத்திருந்தது. உடம்பும் கைப்பிடிக் கட்டையும் சேரும் இடத்தில் இருந்த நீளமான விரிசல்தான் பாக்கி. முறைப்படி அதைத்தான் முதலில் ஒட்டியிருக்க வேண்டும். அதைத் தொட அவருக்குப் பயம். சின்னக் கோடுகளைத் தேய்த்துத் தேய்த்து நாளைக் கடத்தியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விரிசலுக்குள் பசையை விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கினார். பூசணிக்காய் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு முடிவெட்டப் போனார். ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டும் கடையின் கூட்டத்தைக் கேட்கவா வேண்டும். திரும்பி வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது மனைவி வசந்தாமணியும் மகள் அபிநயாவும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மோர்க்குழம்பு வாசம் வீடெல்லாம் நிறைந்திருந்தது.

கை கழுவப் போன இடத்தில் குப்பைக் கூடையைப் பார்த்தார். சீவிப் போட்ட தோலில் கொக்கி மாதிரி வளைந்த கீறல் இருந்தது. அவருடைய பூசணிக்காய்தான் மோர்க்குழம்பில் வெந்திருந்தது.

வசந்தாமணி ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை. வீட்டில் வேறு காய் இல்லை. வேலைதான் முடிந்துவிட்டதே என்று நினைத்திருக்கிறாள்.

"கீறலெல்லாம் தோலோட நின்னுருச்சுங்க. சீவிட்டுத்தானுங்க போட்டேன்" என்றாள்.

பெரிய விரிசல் இன்னும் இறங்கவில்லை என்று அவர் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியை மெதுவாக மேடை மேல் வைத்தாள். யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டார். அவள் ஒரு தரம் போட்டுக்கொண்டாள். அபிநயா ருசியாக இருக்கிறதென்று மறுபடியும் மறுபடியும் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாளுக்கு ஒரு கிண்ணம் போயிருந்தது. பாதிக்கு மேல் சட்டியில் மீதி இருந்தது.

ஸ்கூட்டர் அறைக்கு ஓடினார். பசை இறுகிவிட்டது. மரத்தில் விரல் வைத்துத் தடவினால் வழுவழுவென்றிருந்தது, விரிசல் இருந்த தடமே இல்லை. கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார், தரையில் அடித்துவிடலாமென்று. ஆனால் புதிதாக உடைந்தால் அது புது விரிசல். பழையது பாட்டுக்குப் பழையது. இரண்டு விரிசல்களை அலைய விட்டு என்ன செய்வது என்று யோசித்து, கிட்டாரைப் பத்திரமாகக் கீழே வைத்தார். வாசற்படிக்குப் பக்கத்து டைல்ஸில் நீளமாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

அது அவசரப்படவில்லை. விலாசம் தேடி வந்த விருந்தாளியைப் போல ஒவ்வொரு டைல்ஸிலும் நின்று நின்று போயிற்று. அது கடந்த இடம் பின்னாலேயே மூடிக்கொண்டது. நாச்சிமுத்து அதன் பின்னாலேயே நடந்தார். சமையலறைக்குள் போய், காய் நறுக்கிய பலகையில் ஏறியது. அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு குப்பைக் கூடையைச் சுற்றிவிட்டு, சட்டி இருந்த மேடை மேல் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, கூடத்துப் பக்கம் திரும்பியது.

கூடத்தில் அபிநயா கால்களைச் சோபா மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடச் சொல்லிப் பயனில்லை. போன வருஷம் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் ஒரு நசுங்கலுக்குப் பயந்து ஈரோட்டுக்கு பஸ் ஏறினான். நசுங்கல் அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது. காய் யார் வயிற்றில் அதிகம் இருக்கிறதோ அவரிடம்தான் பழுது போகும். அபிநயாவிடம் அதிகம் இருந்தது.

விரிசல் சோபாவின் காலைத் தொட்டு நின்றது.

"ஏனுங்கப்பா, எனக்குத்தானுங்களா?" என்று அவள் கேட்டாள். 

நாச்சிமுத்துவுக்கு மோர்க்குழம்பு என்றால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே வாசம் வந்தால் எழுந்து போய்விடுகிற ஆள். அவர் சமையலறைக்கு ஓடிச் சட்டியைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார். காயைக் காயாக மெல்லாமலே விழுங்கினார். அடியில் ஒட்டியிருந்ததை வழித்து நக்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. வெறும் சட்டியோடு கூடத்துக்கு வந்து மகளுக்கு முன்னால் நின்றார். சோபாவில் பாதி ஏறியிருந்த விரிசல் நின்றது. யோசித்தது. பிறகு இறங்கி வந்து அவருடைய இடது கால் கட்டைவிரலில் ஏறியது.

வலிக்கவில்லை. குளிர்ந்த செப்புக் கம்பியை உள்ளே இழுப்பது போலிருந்தது. முழங்கால், வயிறு, நெஞ்சு என்று ஏறித் தாடை வழியாக நெற்றியில் போய் முடிந்தது. அசைந்தால் இரண்டாகிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது.

வசந்தாமணி பசையையும் கிளாம்புகளையும் எடுத்து வந்தாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறாள், அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரைப் பாயில் படுக்க வைத்து, விளிம்பு விளிம்பாகப் பசை தடவி, முழங்காலில் ஒன்று, தாடையில் ஒன்று என்று முறுக்கினாள். இடுப்புக்குக் கிளாம்ப் எட்டவில்லை, வேட்டியால் கட்டினாள். அபிநயா காய்க்கடைக்கு ஓடிப்போய் வந்தாள். வெள்ளைப் பூசணி தீர்ந்துவிட்டதாம். வசந்தாமணி மகளை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு பாயில் வந்து கணவனின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

பசை இறுகியதும் விரிசல் கிளம்பும். பக்கத்தில் காய் தின்றவர் யாரும் இல்லாவிட்டால் அபிநயாவைத் தேடி மாடிக்கே போகும். நாச்சிமுத்து அவளைத் தள்ளிப் போகச் சொல்ல வாயெடுத்தார். தாடையில் கிளாம்ப் இருந்தது.

"பேசாதீங்க. பசை இழுக்கட்டும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பயந்தது கிடையாது. அன்றைக்குப் பயந்தார். அவளும் பயந்தாள். கையைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

அந்த நேரத்தில் தெய்வாத்தாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். குழம்பு நன்றாக இருந்ததென்று சொன்னாள். கிண்ணத்துக்குள் தலைமுடி அளவில் ஒரு சின்ன விரிசல் சுருண்டு கிடந்தது. அவள் சாப்பிட்ட காய்க்கு வந்த பங்கு.

"வெறும் கிண்ணமாத் தரக்கூடாது பாரு" என்றாள் தெய்வாத்தாள்.

வசந்தாமணி கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். விரிசல் உள்ளே பாந்தமாகக் கிடந்தது, வெளியே வரப் பார்க்கவில்லை. பெரிய அண்டா இருக்குமா என்று கேட்டாள். தெய்வாத்தாள் வீட்டில் இல்லாத பாத்திரமா. அவளே உருட்டிக்கொண்டு வந்து பாய்க்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

வசந்தாமணி எழுந்து சுவரோரம் போய் நின்றாள். வெயில் தாழும்போது பசை இறுகியது. விரிசல் நெற்றியிலிருந்து இறங்கி, வந்த வழியே திரும்பி, அண்டாவின் விளிம்பில் ஏறி உள்ளே விழுந்தது. மேலே தட்டைப் போட்டு மூடினார்கள். அபிநயா மாடியிலிருந்து இறங்கி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தெய்வாத்தாள் குங்குமச் சிமிழோடு வந்தாள். மறுநாள் அவள் மகனுடைய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், விடியும்போதே சமையல்காரர்கள் வந்துவிடுவார்கள், அண்டா வேண்டும்.

கழுவிக் கொடுக்க முடியவில்லை என்று வசந்தாமணி சங்கடப்பட்டாள்.

"கழுவ வேண்டாம். வெறுசா இல்லையே, அது போதும்" என்று தெய்வாத்தாள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை அபிநயா பிடித்துக்கொண்டாள். வாசல் வரை போய்விட்டுத் தெய்வாத்தாள் திரும்பினாள். "நாளைக்கு மூணு பேரும் சாப்பாட்டுக்கு வந்துரோணும். சாம்பார் இதுலதான் வெக்கிறோம். அபிக்குன்னு முதல்லயே ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெச்சர்றேன்."

பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு, வீடு தேடி வந்து அழைத்த பிறகு, விரிசல் கிடக்கிற அண்டாவின் சாம்பார் என்றாலும் போகாமல் இருக்க முடியாது. வசந்தாமணி குனிந்து கணவனின் தாடையிலிருந்த கிளாம்பைக் கழற்றினாள். நாச்சிமுத்து வாயைத் திறந்து மூடிப் பார்த்தார். நன்றாகச் சேர்ந்திருந்தது.

"வந்தர்றோமுங்க அக்கா" என்றார்.