வாய்க்குப் பூட்டு போட்ட குளியல்கூடம்

மாசான் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் பொதுக் குளியல்கூடத்தில், ப்யோ கிதே இருபது வருடங்களாக ஆண்களின் முதுகைத் தேய்த்து வந்தார். சம்பளம் கிடையாது. முதுகு வந்தால் காசு. கொரோனா வந்த பிறகு முதுகுகள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

போதாததற்கு நகராட்சி ஒரு பலகை மாட்டியது: ‘உள்ளே பேசக் கூடாது.’ காசு போனதைவிட இதுதான் கிதேயை ஆட்டிப் படைத்தது. அவர் தொழிலில் பாதி கை, பாதி வாய். மகனுக்கு வேலை கிடைத்ததா, சர்க்கரை எவ்வளவு, கடன் அடைந்ததா என்று கேட்டு முடிப்பதற்குள் அழுக்கு தானாக உருண்டு வந்துவிடும். இப்போது நாள் முழுக்க வெந்நீர்த் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொட்டியும் விதியை மதித்துப் பேசாமல் இருந்தது.

வீட்டிலும் அவர் வாய் திறப்பதில்லை. தூக்கம் போய் மூன்று மாதம். மனைவி சூன்-ஓக் பயந்துபோய், தன் தம்பியிடம் சொல்லிப் பார்சல் கிடங்கில் ஒரு வேலை பிடித்துவைத்தாள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால், இருபது வருடமாக அவர் முதுகு தேய்த்த மேசை வேறொருவருக்குப் போய்விடும்.

சனிக்கிழமை, ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத மீன் சூப் கடைக்காரர் நாம்குங் வந்தார். தொட்டியில் ஊறிச் சிவந்து, மேசையில் குப்புறப் படுத்தார். கிதேயின் வாயில் பதினோரு கேள்விகள் வரிசையில் நின்றன. பலகையைப் பார்த்தார். அத்தனையையும் விழுங்கிவிட்டுத் தேய்த்தார். முதுகில் ஒரு தட்டு தட்டினால் புரண்டு படுக்க வேண்டும். அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். தட்டினார். நாம்குங் புரளவில்லை. மறுபடி தட்டினார். குறட்டை வந்தது.

வாசலுக்கு வந்த பிறகுதான் பேச முடிந்தது.

“என்னண்ணே, போய்ச் சேந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்!”

“ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான்டா ஒழுங்கா கண்ண மூடினேன். கடைக்கு வர்றவன் வியாபாரம் எப்படின்றான். பேங்க்காரன் கேக்குறான். மச்சான் கேக்குறான். உன்கிட்டதான் ஒரு கேள்வியும் இல்ல.”

“பலகை இருந்துச்சு. இல்லாட்டி கேட்டிருப்பேன்ணே.”

“நீ கேப்பேன்னு தெரியும்டா. அதனாலதானே ஒரு வருஷமா வரல.”

கிதே முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் மட்டுமா? பாதிக் கடைத்தெரு உன் வாய்க்குப் பயந்துதான் வீட்டுக் குழாயடியில குளிக்குது. பலகை மாட்டியிருக்குன்னு அவங்ககிட்ட சொல்றேன், பாரு.”

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். நாலாவதாக வந்த கராவோகே பாட்டுக்கடைக்காரர், மல்லாந்து படுத்த நிலையில் சத்தமில்லாமல் அழுதார். அவர் கடையைத் திறந்து எவ்வளவு நாளாயிற்றோ! கிதே ஒரு செம்பு வெந்நீரை எடுத்து அந்த முகத்தில் மெதுவாக ஊற்றினார். அதற்குப் பிறகு எது கண்ணீர், எது தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. இருபது வருடத்தில் அவர் பார்த்த மிகக் கடினமான வேலை அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னார்: “கிடங்குக்கு வரலன்னு உன் தம்பிகிட்ட சொல்லிடு.”

பிறகு ஆறு முதுகுகளைப் பற்றியும் ஆரம்பித்தார். எது இளைத்தது, எதில் புது மச்சம் என்று எல்லாம் சொன்னார்; எது யாருடையது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றார்.

“மூச்சு விட்டுப் பேசுங்க, சோறு ஆறுது,” என்றாள் சூன்-ஓக். திட்டுகிற குரல்தான், ஆனால் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது முதுகில் பேச்சு நின்றது. தரையிலேயே சாய்ந்திருந்தார். அவள் ஒரு தலையணையைச் செருகிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

“அவர் வரமாட்டாராம்டா… இல்ல இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. மெதுவா பேசு. தூங்குறாரு.”