துவைக்கக் கூடாத பனியன்

சேதுபதி செய்தது உதவிதான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் கேட்காமல் செய்கிற உதவி ஓர் ஆளை என்ன பாடு படுத்தும் என்பதை அந்த மே மாதம் அபுதாபியில் அவன் நன்றாகவே தெரிந்துகொண்டான்.

அபுதாபியில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று சிவகங்கைப் பக்கம் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். வெளியே தார் ரோடு இளகுகிற வெயில். உள்ளே ஒரு பெரிய கொட்டகை நிறையப் பனிக்கட்டி. அதன் மேல், அடியில் கத்தி வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, வளர்ந்த ஆண்பிள்ளைகள் ஒரு கறுப்பு வட்டைத் துரத்தி ஒருவரையொருவர் சுவரில் மோதுவார்கள். அவர்களுடைய உடுப்புகளைத் துவைத்து அவரவர் கொக்கியில் மாட்டுவது சேதுபதியின் டூட்டி. அந்த வேலையில் இருந்த யாழ்ப்பாணத்து நாகலிங்கம் லீவில் கொழும்புக்குப் போனதால், தரை கூட்டிக்கொண்டிருந்தவனை அங்கே மாற்றியிருந்தார்கள். நாள் முழுக்க ஏசியில் வேலை என்பதில் முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் அவனுடைய ரூமுக்கே பெருமை.

டீமில் பாதிப்பேர் உள்ளூர்ப் பையன்கள், மீதி வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் மூத்தவர் உர்மாஸ், எஸ்தோனியாக்காரர். முப்பத்தொன்பது வயது, இரண்டு இடத்தில் உடைந்து சேர்ந்த மூக்கு, கழற்றி மாட்டுகிற முன்பற்கள். பின்லாந்து, லாத்வியா, டென்மார்க், பிரான்ஸ், கஜகஸ்தான் என்று பதினோரு டீமில் ஆடிவிட்டு இங்கே வந்தவர். ஒரு ஊரில் ஒரு வருஷம், ஒரு ஊரில் ஆறே மாதம். ஒவ்வொரு இடத்திலும் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, போதும், கிளம்பு என்பார். இவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போவார். இதையெல்லாம் அவரே சேதுபதியிடம் சொல்லியிருந்தார். அவருடைய இங்கிலீஷும் அரைகுறை, இவனுடையதும் அரைகுறை. அதனால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது.

இந்த ஊர் மேனேஜரும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். கப் வந்தால் இன்னொரு வருஷம் காண்ட்ராக்ட், வராவிட்டால் கலாஸ், அவ்வளவுதான். கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் உர்மாஸின் கொக்கியில், கோட்டுக்கு அடியில் தொங்கிய சாம்பல் நிறப் பனியன் சேதுபதியின் கண்ணில் பட்டது. மோந்து பார்த்தவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை பெரிய ஆட்டக்காரர் இப்படி ஒரு நாற்றத்தைப் போட்டுக்கொண்டா ஆடுகிறார்! மனுஷனுக்குத் துவைத்துப் போட ஒரு நாதி இல்லையே என்று நிஜமாகவே இரக்கப்பட்டான். மிஷினில் போட மனம் வராமல் கேம்ப்புக்கே எடுத்துப்போய், வாளியில் ஊறவைத்து, கையால் கசக்கி, சொட்டு நீலம் போட்டு அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, இஸ்திரியும் போட்டு முடித்தான்.

அப்புறம்தான் பூட்ஸுக்குப் புது லேஸ் எங்கே இருக்கிறது என்று கேட்க நாகலிங்கத்துக்குப் போன் போட்டான். பேச்சோடு பேச்சாக, பெருமையாகவே சொன்னான்.

"என்ன சொல்லுறாய்? அந்தச் சாம்பல் பனியனையே தோய்ச்சுப்போட்டாய்?"

"ஆமாண்ணே. இப்ப பூ மாதிரி மணக்குது."

"ஐயோ தம்பி! அது தோய்க்கிற சாமானில்லை. அவன் அதிலை தண்ணி பட விடமாட்டான். லாத்வியாவிலை வாடகை வீட்டுக்காரி தெரியாமல் தோய்ச்சாளாம், அந்த மாசமே வேலை போச்சு. டென்மார்க்கிலை பெண்சாதி தோய்ச்சாள். வேலையும் போச்சு, பெண்சாதியும் போயிட்டாள். நான் உனக்குச் சொல்லாமல் வந்தது பிழைதான்."

வேறு ஆளாக இருந்தால் சிரித்திருப்பான். சேதுபதியால் முடியவில்லை. சபரிமலைக்கு மாலை போட்ட நாட்களில் முகத்தில் கத்தி பட விடாதவன் அவன். ஒரு மனிதன் விரதம் என்று பிடித்துக்கொண்டிருப்பதில் அடுத்தவன் கை வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவருடைய காண்ட்ராக்டைத் தன் கையாலேயே கசக்கிப் பிழிந்துவிட்டதாகத்தான் அவனுக்குப் பட்டது.

ரூமில் இரண்டு பேரிடம் சொன்னான். கீழக்கரை கௌஸ் முகைதீன் கேம்ப் மெஸ்ஸில் சமையல்காரர். விஜயபாஸ்கர் கட்டட சைட்டில் சாரம் கட்டுகிறவன்.

"இதுக்கா அழுவுறீங்க?" என்றார் கௌஸ். "போன வேர்வைய திருப்பிக் கொண்டாந்தா ஆச்சு. இந்த ஊர்ல வேர்வைக்கா பஞ்சம்?"

"நமக்குப் பெருசா இருக்குமே பாய்," என்றான் சேதுபதி.

"பெருசா இருந்தா நெறைய புடிக்கும்."

மறுநாள் காலையில் விஜயபாஸ்கர் அதை வேலை உடுப்பான கவராலுக்குள் போட்டுக்கொண்டு சைட்டுக்குப் போனான். பனியன் அவனுக்குத் தொடை வரை வந்தது. அன்று மாலை கௌஸ் அதைப் போட்டுக்கொண்டு கேம்ப் முழுமைக்கும் வெங்காயம் அரிந்து சப்பாத்தி சுட்டார். ஆட்ட நாள் விடிந்ததும் சேதுபதி அதை மாட்டிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரைச் சுற்றி நாக்குத் தள்ள ஓடினான். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று வாட்ச்மேன் கேட்டார்.

ரூமில் பனியன் ஒரு சுற்று வந்தது. மூன்று பேரும் மோந்தார்கள்.

"நாத்தம் வந்துருச்சுண்ணே," என்றான் விஜயபாஸ்கர். "ஆனா இது நம்ம ரூம் நாத்தம்."

வேறு வழியில்லை. சேதுபதி அதைக் கொண்டுபோய்ப் பழையபடி கோட்டுக்கு அடியில் மாட்டினான்.

ஆட்டத்துக்குப் போட்டுக்கொள்வதற்கு முன் பனியனை முகத்தில் வைத்துக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பது உர்மாஸின் பழக்கம். அன்றும் வைத்தார். கண்ணைத் திறந்தார். மறுபடி மோந்தார். பிறகு மெல்லத் திரும்பி, மடித்த துண்டையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்த சேதுபதியைப் பார்த்தார். அதற்குள் கோச் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்தினார். உர்மாஸ் அதையே மாட்டிக்கொண்டு போனார்.

முதல் இருபது நிமிஷம் பார்க்கச் சகிக்கவில்லை. உர்மாஸ் இரண்டு தடவை விழுந்தார். கைக்கு வந்த வட்டை எதிராளியிடமே தள்ளினார். எதிர் டீம் இரண்டு கோல் போட்டது. பெஞ்சுக்குப் பின்னால் நின்ற சேதுபதி தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டான். யாரும் பனிக்கட்டி மேல் இறங்கி வருவதாகத் தெரியவில்லை.

அடுத்த இருபது நிமிஷத்தில் ஏதோ மாறியது. உர்மாஸ் அவசரப்படுவதை நிறுத்தினார். ஒரு கோல் வந்தது, இன்னொன்றும் வந்தது. கடைசியில் இரண்டு பேர் அவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கியபோது, அந்த நெரிசலுக்குள்ளிருந்தே வட்டை ஈசாவின் காலடிக்குத் தள்ளினார். ஈசா உள்ளூர்க்காரன், சிறுத்தை ஓட்டம் ஓடுகிறவன். அவன் அடித்ததில் கப் வந்தது.

உள்ளே எல்லோரும் கூத்தடித்துக்கொண்டிருக்க, உர்மாஸ் சேதுபதியை ஓரமாகக் கூப்பிட்டார். பனியனைக் கழற்றி நீட்டினார்.

"வெங்காயம்," என்றார். "சிமெண்ட். மூன்றாவது யார்?"

"நான்தான் சார்," என்றான் சேதுபதி. வாளி, நீலம், இஸ்திரி, சப்பாத்தி, காம்பவுண்டுச் சுவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

உர்மாஸ் சிரித்தார். பொய்ப்பல் கையில் வந்து விழும் அளவுக்குச் சிரித்தார். பிறகு சொன்னார்: "மோந்ததும் பயந்துபோனேன். கழற்ற நேரமில்லை. ரொம்ப நேரம் பயந்துகொண்டேதான் ஆடினேன். அப்புறம் பார்த்தேன், கால் என்னுடையது, கை என்னுடையது. பனியன் மட்டும்தான் யாருடையதோ."

மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார். இன்னொரு வருஷம், நாளைக்கே கையெழுத்து என்றார். சேதுபதிக்குப் போன உயிர் திரும்பியது. உர்மாஸ் தலையை ஆட்டினார். வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றார். எந்த டீம் கூப்பிட்டது என்று மேனேஜர் சந்தேகத்தோடு கேட்டார். டீம் இல்லை, வீட்டுக்கு என்றார் இவர்.

மேனேஜர் போனதும் உர்மாஸ் சொன்னார்: "பதினோரு டீமிலும் அவர்கள்தான் போகச் சொன்னார்கள். இதில் நான் சொல்லிவிட்டேன்." பனியனைச் சேதுபதியின் கையில் வைத்தார். "இப்போது துவை. நீலமும் போடு."

ரூமில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னாச்சு? காண்ட்ராக்ட் குடுத்தாங்களா?" என்றார் கௌஸ்.

"குடுத்தாங்க பாய். அவருதான் வேணாம்னுட்டாரு."

விஜயபாஸ்கர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் வாசலில் நின்று, வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்று காத்திருந்து பழகியவன் அவன். அந்த ரூமில் எல்லோருமே அப்படித்தான்.

"அவங்க போகச் சொல்லலையா?"

"இல்லடா."

"அவராவேவா சொன்னாரு, போறேன்னு?"

"ஆமா."

விஜயபாஸ்கர் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"அந்தப் பனியனைக் குடுங்கண்ணே," என்றான். "இந்தத் தடவ நான் துவைக்கிறேன்."